முப்பது செக்கன் முந்தி

ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கியாயிற்று.
இன்னும் தூக்கினால் கடை திறந்ததாகிவிடும்.
எட்டு மணிக்கு ஆறு நிமிஷம்.
திருமலை வீதியில் ஒரு பஸ்
வாழைச்சேனை வாழைச்சேனை என்று கத்திக்கொண்டே நகராமல் நிற்கிறது.
இருமல் பாணிப் போத்தலில் சாய்ந்திருக்கிறது என் போன்.
ஏழாவது ஆட்டம்.
மூன்றுக்கு மூன்று. இன்றைக்கு யாரோ வீட்டுக்குப் போகவேண்டும்.

கொக்கு குனிந்து நிற்கிறான்,
இரண்டு கையும் முழங்காலில்.
அவனுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு, அறிவிப்பாளர்கள் அதை நீட்டி நீட்டிச் சொல்வார்கள்.
கொக்கு என்று வைத்தது டொறத்தி ராகல்.
அவனுக்கு முதல் சீசன், எங்களுக்கு ஏ.எல். முதல் வருஷம்,
அவளுடைய மாமா கொண்டுவந்த சீடி,
கரண்ட் இருந்த ஓர் இரவு.
அன்றைக்குத்தான் வலையின் சத்தம் கேட்டேன்.

வாவிக் கரையில் எங்கள் கோர்ட்டில்
வளையம் இருந்தது, வலை இல்லை.
உப்புக் காற்று தின்று முடித்திருந்தது.
பந்து உள்ளே போனதா, பக்கத்தால் போனதா?
ஒவ்வொரு பின்னேரமும் அதுதான் சண்டை.
ஜெஸிந்தா மாதா மேல் சத்தியம் பண்ணுவாள்,
மறுகா சிரித்துவிடுவாள்,
புள்ளியை வெட்டுவோம்.
மதில் தாண்டிய பந்தை எடுக்க
இடுப்பளவு தண்ணீரில் நான்தான் இறங்குவேன்.
நனைந்த பந்து ஒரு பிள்ளையைப் போல் கனக்கும்.

ஷட்டருக்குக் கீழே இரண்டு பாதங்கள்.
ரப்பர் செருப்பு, சாரன் விளிம்பு.
பிறகு ஒரு தொப்பி, தாடி, கிளினிக் கொப்பி.
கொப்பியில் மீராலெப்பை, வயது அறுபத்தொன்று, ஏறாவூர்.
"பிறசர் குளிசை முடிஞ்சி புள்ள."
"ரெண்டு நிமிஷம், வாப்பா."
அவர் நுழைந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.
"இதுல எது நம்மட ஆக்கள்?"

என்ன சொல்ல.
அந்த நகரம் படத்தில் எங்கே இருக்கிறது என்றுகூட
ஒருமுறைதான் தேடிப் பார்த்தேன்.
"அந்தா, அந்த நெட்டையன்" என்றேன்.
"அப்ப சரி" என்று
அந்த நிமிஷத்திலிருந்து கொக்கின் ஆளாகிவிட்டார்.

ஒரு புள்ளி பின்னால்.
இரண்டு தசம் நாலு செக்கன்.
பந்து பக்கக் கோட்டிலிருந்து வருகிறது,
கொக்கு வாங்குகிறான், கிறுகுகிறான்,
நோகும் காலில் ஊன்றித்தான் எழும்புகிறான். எனக்குத் தெரியும்,
எனக்கும் அதே கால்.
பந்து விரல்களை விட்டுப் போகிறது.

திரையின் தலையில் ஒரு மெசேஜ் இறங்கிற்று.
மெல்பனிலிருந்து, டொறத்தி.
ஐயோ கா.

அவளுடைய நெட் எங்களுடையதை விட
முப்பது செக்கன் முந்தி.

மீராலெப்பைக்கு எழுத்துத் தெரியவில்லை, கண்ணாடி சட்டைப் பையில்.
அவருக்குப் பந்து இன்னும் மேலேதான்.
கிளினிக் கொப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தார்.
நான் போனை நிறுத்தவில்லை.
தோற்ற பந்து என்று தெரிந்தபிறகு பார்க்கிறேன்,
அது எவ்வளவு நேராக, எவ்வளவு அவசரமில்லாமல்,
இருபதினாயிரம் பேரின் தலைக்கு மேலால்
தனக்கு ஒன்றும் தெரியாதது போல...

வளையத்தில் இரண்டு சுற்று.
வெளியே.

"சீ" என்றார் மீராலெப்பை.
உண்மையான சீ. வயிற்றிலிருந்து.
"நாளைக்கும் இரிக்கா?"
"இல்ல வாப்பா. முடிஞ்சிது. இனி ஒக்டோபர்தான்."

குளிசையை எண்ணும்போது இரண்டுமுறை பிழைத்தேன்.
வாசலில் குனிந்தவர் குனிந்தபடியே திரும்பினார்.
"அந்த நெட்டையன்ட முழங்காலுக்கு என்ன புள்ள பூசுறானுகள்?"

மேல்தட்டு, இடப்பக்கம், பச்சை டியூப்.
கை தானாக அங்கே போனது.
பஸ் ஒருவழியாகக் கிளம்பிற்று.
ஷட்டரை முழுதாகத் தூக்கினேன்,
எதிர்க்கடைக் கண்ணாடியில் பட்ட வெயில் முகத்தில் அடித்தது.
டொறத்திக்கு எழுதினேன்:
பாத்தன் கா.
நல்லாத்தான் போனது.