பதினேழாம் கணக்கு

இரவு பத்தரைக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம்:
ஐஸ் பெட்டிச் சிட்டையின் பின்புறம்
நீலப் பேனையில் நூற்றுவீதம்,
ஓரத்தில் நண்டு ஈரம்.

"சேர், பதினேழாம் கணக்கு
உங்கட விடை பிழை."

மாணவன் இல்லை,
அவன்ர தாய், பாசையூர் ஜெசிந்தா.
வாடியில் நண்டு தரம்பிரிப்பவ.
"மகன் குறூப்பை விட்டுட்டான்,
நான் இருக்கட்டோ?"

பார்த்தேன்.
கழிவைக் கழிக்காமல்
கூட்டிவிட்டிருக்கிறேன்.
அவவின் கூலியில் அது
நாளும் கழிகிறது.

திரும்பப் பதிவுசெய்தேன்.
கேள்விக்குப் பிறகு வழமையாய் விடும்
மூன்று வினாடியைப் பத்தாக்கினேன்.
அதற்குள் ஒரு ஓட்டோ போனது,
மின்விசிறி கிறீச்சிட்டது.
வெட்டவில்லை.

கை கழுவித் துடைத்து
அவ பேனை எடுக்க
அவ்வளவு நேரம் வேணும்.