மேசையில் ஏறிய எண்பது அடி

சிலேத்தாரில், ஓடுபாதைக்குப் பின்புறம்
குளிரூட்டிய பட்டறையில் எனக்கு வேலை:
பழைய கருவிகளின் பொய்களைத் திருத்துவது.

புதன்கிழமை குவெக் வந்தான்.
வரவேற்பறையில் கண்ணாடிப் பேழை வைக்கிறார்களாம்.
மூன்று முள், கறுப்பு முகம்,
எந்த விமானத்திலிருந்தோ கழற்றிய இதை
அதில் உட்காரவைக்கப் போகிறார்களாம்.
நான்கு மொழியில் பெயர் வேண்டும்.
மூன்று வந்துவிட்டன.
தமிழுக்கு விட்டிருந்த இடம்
நாலு விரல்கடை.

உயரமானி என்றேன்.
சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லைக் கேட்டேன்.

மானம் உள்ளவன் மானி, தலை வணங்காதவன்.
இதுவோ வயிற்றில் ஒரு தகரச் சிமிழ் வைத்திருக்கிறது.
காற்று அழுத்தினால் ஒடுங்கும்,
விட்டால் உப்பும்.
இதற்கா அந்தப் பெயர்?

இல்லை, அளவுக்கும் மானம் என்று பேர்.
வெப்பமானி, மழைமானி எல்லாம் பங்காளிகள்.
விமானமும் அந்த வீட்டுப் பிள்ளைதான்:
அளந்து எழுப்பியது.
கோயிலில் கருவறைக்கு மேல் நிற்கும்,
இங்கே மண்ணெண்ணெய் நாற்றத்தோடு வரிசையில் நிற்கும்.
மானத்தின் வயிற்றில் மானி இருந்திருக்கிறது.
நான் திருகாணி கழற்றி வெளியே எடுத்திருக்கிறேன்.

உயரம் நம்முடையது,
மானி வடக்கேயிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.
ஒட்டட்டும்.
குடியுரிமைக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தவள்
ஒரு சொல்லிடம் தாள் கேட்கலாமா?

ஹஃபிசுதீன் கைப்பேசியில் ஆங்கிலப் பெயரின் வேரைத் தோண்டினான்.
லத்தீனில் அல்டுஸ்.
உயர்ந்ததும் அதுவாம், ஆழ்ந்ததும் அதுவாம்.
அதற்கும் அடியில்,
ஊட்டி வளர்க்கப்பட்டது என்று ஒரு பொருளாம்.
“ஏறினாலும் விழுந்தாலும் ஒரே சொல்லா?
விமானிக்குச் சொல்லிடாதே” என்று சிரித்தான்.

வெளியே கொட்டகைக் கூரைக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.
“இன்னும் ரெண்டு ஆள் உசரம் ஏத்துடா!”
சகாயராஜின் குரல்.
சாப்பாட்டு நேரத்தில் அதே குரல்
வடிகாலுக்கு வெட்டிய குழியோரம் நின்று சொன்னது:
“ரெண்டு ஆள் ஆழம் இருக்கும், பாத்து வா.”
லத்தீன் அவரிடம் கடன் வாங்கியிருக்கும்.

மாலை நான்கு மணி.
காலை பத்துக்குச் சுழியத்தில் நிறுத்திவிட்டுப் போன கருவி,
மேசையை விட்டு அசையாமலே
எண்பது அடி ஏறியிருந்தது.

பழுதில்லை.
இந்த ஊர்க் காற்றுக்கும் கடலைப் போல வற்று, பெருக்கு உண்டு,
நாளுக்கு இருமுறை,
யார் காலையும் நனைக்காமல்.
இதற்கு உயரம் தெரியாது.
தலைக்கு மேல் எவ்வளவு காற்று கனக்கிறது
என்பது மட்டும் தெரியும்.
கனம் குறைந்தால் உயர்ந்துவிட்டேன் என்கிறது.
வீட்டுக் கடன் தவணை கட்டிய மாலையில்
மின்தூக்கிக்குள் நானும் அப்படித்தான்,
பன்னிரண்டாம் மாடி வருமுன்பே.

பாரம் பார்க்கிறவனுக்கு உயரமானி என்று பெயர்.
மாற்றலாமா என்று யோசித்தேன்.
காற்றுச்சுமையளவி.
நாலு விரல்கடை தாங்காது.

அப்போதுதான் அச்சுப்படி வந்தது.
ஆங்கிலம், மலாய், சீனம், பிறகு
உயரமான.

மேல்விலங்கைக் காணோம்.
எழுத்துரு எங்கோ உதிர்த்துவிட்டது.
உயரமான என்ன?
கட்டடமா, மரமா, ஆளா?
பெயரைத் தேடி நிற்கும் எச்சம்,
கண்ணாடிக்குள் பல வருஷம் நின்றிருக்கும்,
யாரும் கேட்காமல்.

சிவப்பு மையில் அந்த ஒரு வளைவைப் போட்டேன்.
“இத்தனூண்டு கோடு, அவ்வளவு முக்கியமா?”
குவெக் கேட்டான்.
“அதுதான் அளக்கிறது” என்றேன்.
அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை.
படியை மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

கருவியின் திருகை
கட்டைவிரலால் மெல்லத் திருப்பினேன்.
எண்பது, அறுபது, இருபத்தைந்து.
மேசை தரைக்கு வந்தது.