அலகு

பதினெட்டு வருடமாய்த் தைப்பூசக் காலையில்
ஆற்றங்கரையில் அலகு குத்துகிறவன் நான்.
மற்ற நாளெல்லாம் ரோஸ் ஹில் பணிமனையில்
பேருந்துக்குப் பிரேக் பார்க்கிறேன்.
எண்ணெய்க் கறை போக எலுமிச்சை தேய்த்துக் கழுவி
அப்புறம்தான் ஊசியைத் தொடுவது.

மோகநாதன் வந்து நின்றான்.
பத்து நாள் விரதத்தில் ஒட்டிய கன்னம்,
புது வேட்டியின் மஞ்சள் இடுப்பில் இறங்கியிருந்தது.
முதுகுக்கு ஐம்பத்து நான்கு. மார்புக்கும் அதே.
நூற்றெட்டும் ஏறி முடியும்வரை
இமை அசையவில்லை.
கையைத் திருப்பியபோதுதான் பார்த்தேன்
முழங்கை மடிப்பில்
எனக்கு முன்பே யாரோ குத்தியிருந்ததை.

யாரோ இல்லை.

"அங்கே வேண்டாம்ணே," என்றான்.
"அங்கே இடமில்லை."

கடைசியில் நாக்கு.
துணியால் பிடித்து இழுத்து
வெள்ளி வேலை நடுவில் இறக்கினேன்.
ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை.
அரோகரா என்றது கரை.
தார் உருகும் வெயிலில் வெறுங்காலோடு
கரும்புக்கு நடுவே நாலு மணி நேரம் நடந்து
மலைக்கோயில் ஏறினான்.
செம்பைத் திறந்து பார்த்தார்கள்: பால் திரியவில்லை.
அக்கா தேவயானி படியிலேயே உட்கார்ந்து அழுதாள்:
"பார்த்தீங்களா, நினைச்சா முடியுது அவனால!"

எல்லாரும் அதையே சொன்னோம்.
இலையில் ஏழு கறி வாங்கிக்கொண்டு
நானும் சொன்னேன்.

மூன்றாம் நாள்
கடலோரச் சவுக்குத் தோப்பில் கிடந்தான்.
உதடு நீலம்.
பழைய அளவைத்தான் ஏற்றியிருக்கிறான்.
பத்து நாளில் உடம்பு அந்த அளவை மறந்துவிட்டது,
ஆசை மறக்கவில்லை:
நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று சொல்வதுபோல்
சாதாரணமாகச் சொன்னாள் மருத்துவமனைச் செவிலி.
விரதம் காப்பாற்றியது என்று நினைத்திருந்தோம்.

பிழைத்தான்.

"மன உறுதி இல்லாத பயல்,"
என்றார் எங்கள் போர்மேன் சுப்பராயன்.
அவன் மன உறுதியை நான் பார்த்திருக்கிறேன்.
என் கையால் அதைத் துளைத்து
மறுபக்கம் எடுத்திருக்கிறேன்.
பிரேக் பிடிக்காத வண்டி வந்து நின்றால்
ஓட்டுநரைத் திட்டுவோம், சரி.
திட்டி முடித்ததும்
யாராவது ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்தாக வேண்டும்.

அவர் அதைச் சொன்னது கடையோரத்தில், இரண்டாவது ரம்மில்.
முன்பு வெள்ளிக்கிழமை மட்டும்தான் அந்தக் கடை.
பிறகு வியாழன். இப்போது செவ்வாய்.
எங்களைப் பற்றி யாரும் அக்காவிடம் துக்கம் விசாரிப்பதில்லை.
நான் என் கிளாஸை மேசையில் வைத்தேன்.
வைத்தேன் என்றால்,
காலி செய்துவிட்டுத்தான்.

இப்போது தினமும் விடியலில்
காவல் நிலையத்துப் பக்கம் வரிசையில் நிற்கிறான்.
சின்ன பிளாஸ்டிக் கோப்பையில் மெத்தடோன்.
குடித்துவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும்.
அப்புறம் ஏழு மணிக்கு வேலை:
பேக்கரியில் மாவு மூட்டை இறக்குகிறான்.
"ஒரு போதைக்கு இன்னொரு போதை," என்கிறது தெரு.
தேவயானிக்குச் சர்க்கரை.
காலை இருபது அலகு, இரவு பதினாறு, பன்னிரண்டு வருடமாய்.
அந்த ஊசியை ஒருவரும் எண்ணியதில்லை.
சமையலறை ஜன்னலோரம் நின்று
சேலையை விலக்கிக் குத்திக்கொண்டே அவள்
தம்பியைக் கேட்கிறாள்:
"எப்பத்தான்டா இந்த மருந்தை விடுவே?"

மறுபடி தை வந்தது. கொடி ஏறியது.
போன வாரம் பணிமனை வாசலில்
சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.
கேட்க வந்ததைக் கேட்காமல்
மழையைப் பற்றிப் பேசினான். புயல் எச்சரிக்கை பற்றி.
பிறகு:
"அண்ணே, அதைக் குடிச்சா விரதம் முறியுமா?"

கோயில் கமிட்டிக்குத் தெரிந்திருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
கையெல்லாம் கிரீஸ்.
பேருந்து ஒன்று என் தலைக்கு மேல் ஜாக்கியில் நின்றது.
"குடித்துவிட்டு வா," என்றேன்.
"குடித்துவிட்டு நேரே ஆற்றங்கரைக்கு வா.
எலுமிச்சை நான் கொண்டு வருகிறேன்."