மீதி ஒன்று

வங்கதேசத்துக்குத் தனிக் கோப்பு, நூல் கட்டித் தடித்தது.
மாலத்தீவுக்கு ஒரு வரிசை, இலங்கைக்கு ஒன்று,
காட்பாடிப் பக்கம் படிக்க வந்த
நைஜீரியப் பையன்களுக்கு ஒன்று.
கொமொரோஸ் என்று அச்சடித்த கட்டம்
எந்தப் படிவத்திலும் இல்லை.
'இதரர்' என்பதில் அடிக்குறிப்பிட்டுக்
கையால் எழுத வேண்டும்.

எழுதினேன்.
வந்தவர்: இரண்டு.

எந்த மூலையில் இருக்கிறதென்று
சுவரிலிருந்த உலகப் படத்தில் தேடினேன்.
ஆப்பிரிக்கக் கரைக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே
படத்தை மடித்த கோடு ஓடியது.
தீவுகள் அந்த மடிப்பில் தேய்ந்துபோயிருந்தன.

சொய்லிஹி அஹமாதா, வயது நாற்பத்தொன்று, இதய வால்வு.
எச்சாதா மாதி, முப்பத்தாறு, மனைவி, உடன் வந்தவர்.
காந்தி ரோட்டுப் பின்சந்தில் மூன்றாம் மாடி,
ஃபேன் உண்டு, லிஃப்ட் இல்லை.
லாட்ஜ் மேனேஜர் தஸ்தகீர்
இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பதிவேற்றியிருந்தார்.
நாடு மட்டும் கொலம்பியா.
பட்டியலில் அடுத்தடுத்த பெயர் மேடம்,
விரல் வழுக்கிவிட்டது என்றார்.
நான் திருத்தும்வரை நான்கு நாள்
வேலூரில் இரண்டு கொலம்பியர்கள் இருந்தார்கள்.

ஆனி மாதம் எச்சாதா மட்டும் வந்தார்.
துணைக்கு அதே மாடியிலிருந்து ஒரு காரைக்கால்காரர்,
மருமகனின் கால் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்,
பிரெஞ்சு பென்ஷன் வாங்குபவர்.
அவள் சொல்ல, அவர் சொல்ல, நான் எழுதினேன்:
செவ்வாய் விடிகாலை மூன்று பத்து.
ஆர்.என். பாளையத்தில் நல்லடக்கம்.
தஸ்தகீர், எதிர்க்கடை ஜெராக்ஸ் பையன்,
முன்பின் தெரியாத பதினோரு பேர்
தோள் மாற்றித் தூக்கியிருக்கிறார்கள்.
எண்ணியவர் காரைக்கால்காரர்.
இந்தத் தகவலுக்குப் படிவத்தில் இடமில்லை,
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.

வெளியேறும் அனுமதியில் முத்திரை குத்தினேன்.
மை காயும்வரை அவள் ஊதிக்கொண்டேயிருந்தாள்,
சூடான டீயை ஊதுவதுபோல.
பிறகு கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து
மேசைமேல் ஒரு பிடி கிராம்பு வைத்தாள்.
லஞ்சமோ என்று பயந்து கேமராவை நிமிர்ந்து பார்த்தேன்.
அவள் போய்விட்டாள்.
இழுப்பறையில் இன்னும் அந்த வாசனைதான்,
முத்திரை மையையும் மீறி.

சென்றவர்: ஒன்று.
மீதி: ஒன்று.

வருகை, புறப்பாடு, இருப்பு. கட்டம் இவ்வளவுதான்.
இறப்புக்கு வேறு அலுவலகம்.
அவர்கள் பேரேடும் எங்கள் கணினியும்
ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.
விமான நிலையத்தில் முத்திரை விழாத ஆள்
இங்கேதான் இருக்கிறார் என்று அர்த்தம்.
விசா முடிந்த மறுநாளே
சொய்லிஹியின் பெயர் சிவப்பானது.

சென்னையிலிருந்து நினைவூட்டல்:
கெடு கடந்து தங்கியிருக்கும் மேற்படி நபரை
உடன் கண்டறிந்து அறிக்கை அனுப்பவும்.
இறப்புச் சான்றை இணைத்து அனுப்பினேன்.
இணைப்பு திறக்கவில்லை என்று பதில்.
மறுபடி அனுப்பினேன்.
மூன்றாம் காலாண்டிலும் மீதி ஒன்று.

ஆண்டறிக்கை அச்சாகி வந்தபோது
அந்த ஒன்றும் இல்லை.
ஐந்துக்குக் குறைந்த எண்ணை வெளியிடக் கூடாதாம்,
ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடுமாம்.
எண் இருந்த இடத்தில் ஓர் உடுக்குறி.
உடு என்றால் விண்மீன் என்று
காங்கேயநல்லூர்ப் பள்ளியில் படித்த ஞாபகம்.
அதற்குமேல் யோசிக்கவில்லை,
எனக்கு ஐந்தே முக்காலுக்கு பஸ்.

நான்காவது நினைவூட்டலுக்குப் பிறகு
மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷேர் ஆட்டோ ஏறிப் போனேன்.
உள்ளே போகவில்லை. கேட்டருகே நின்றேன்.
காவல்காரர் கை நீட்டிக் காட்டினார்.
திரும்பி வந்து தட்டச்சு செய்தேன்:

பார்வையில் காணும் கடிதத்தின்படி
நேரில் விசாரித்ததில், மேற்படி நபர்
இம்மாவட்ட எல்லையை விட்டு வெளியேறவில்லை என்பதும்,
தெற்கு மதிலோரம் வேம்புக்கு இரண்டடி தள்ளி
நிரந்தரமாக வசித்து வருகிறார் என்பதும்
பணிந்து தெரிவிக்கப்படுகிறது.

குணசுந்தரி மேடம் இரண்டு முறை படித்தார்.
'வசித்து' என்பதை அடித்துவிட்டு
'இருந்து' என்று திருத்தினார்.
பச்சை மையில் கையெழுத்திட்டார்.