பன்னிரண்டுக்குக் கீழ்

பேஸ்போலுக்கு ஒன்பது பேர் வேணும்.
வந்தது எட்டு.
கையுறை ஐந்து; அதில் இரண்டு இடக்கைக்காரருக்கு.
கோட்டையடித் திடலில்
உரப்பையில் மணல் கட்டி மூன்று தளம் வைத்தேன்,
நாலாவது, மீன்பெட்டி மூடி.

அடித்ததும் மட்டையோடு ஓடுகிறான் ஷஹ்மி.
"போட்டுட்டு ஓடடா!"
கிரிக்கெட் கை, விடமாட்டேன் என்கிறது.

இரண்டாம் தளத்தில் ஒரு புள்ளிமான்
உரப்பையை முகர்ந்துகொண்டு நிற்கிறது.
ஆட்டம் நிறுத்தம்.
விதிப்புத்தகத்தில் மானுக்கு விதி இல்லை.

வேலிக்கு வெளியே சைக்கிளில் காலூன்றிப்
பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:
"ஓடி ஓடி, கடைசியில
தொடங்கின இடத்துக்குத்தானா வாறது?"
"ஓம். அதுக்குத்தான் புள்ளி."

கொஞ்சம் யோசித்தாள்.
சைக்கிளை வேலியில் சாத்தினாள்.
பெயர் லக்சிதா.
வயது பதினொன்று,
வைகாசி வரைக்கும்.