பன்னிரண்டாம் தொகுதியிலிருந்து

மெயினை அணைத்துவிடலாம் என்றது நான்தான்.
மூன்றாவது குவளை ஒயின் அது.
இருபது வருடம் கழித்து ஹாம்பர்க்கிலிருந்து
நுக்ஸார் வந்திருந்தான்.
அந்தக் குளிர்காலம் மாதிரி ஒருமுறை
உட்கார்ந்து பார்ப்போமே என்றேன்.

லமாராவின் வீடு. ருஸ்தாவி, ஒன்பதாம் மாடி.
கேக்கில் மிச்சமிருந்த மெழுகுவத்தி ஒன்று.
கவிழ்த்து வைத்த கைபேசிகளில் ஒன்று மட்டும்
மேசையின் அடியில் வெட்கத்தோடு மின்னி ஓய்ந்தது.

அப்போது எங்களுக்கு எட்டு வயது.
கரண்ட் இல்லை, கேஸ் இல்லை,
பாதி நாள் பள்ளிக்கூடமும் இல்லை,
அதனால் ஒரு குறையும் இல்லை.
ஜன்னல் வழியே புகைக்குழாய் நீட்டிய இரும்பு அடுப்பு,
அதைச் சுற்றி மாடி மொத்தமும், பதினான்கு பேர்.
சுவரில் நுக்ஸாரின் விரல்கள் ஓநாயாகும்.
என்றோ ஒரு நடுராத்திரி கட்டடமே கத்தும்:
வெளிச்சம் வந்தாச்சு!

அப்படியொரு சந்தோஷம்
இப்போது எந்தக் கடையில் கிடைக்கிறது
என்று இருட்டைப் பார்த்துக் கேட்டேன்.
நுக்ஸார் மறுபடி ஓநாய் செய்தான்.
விரல் தடித்திருந்தது; கரடி மாதிரி வந்தது.

"நீங்கள் தூங்கிவிடுவீர்கள்" என்றாள் லமாரா.

உருக்காலையில் கிரேன் ஓட்டியவள்.
அன்று அவளுக்கு இருபத்தொன்பது,
இன்றைய என்னைவிடப் பதினொரு வயது சின்னவள்.
இதை நான் அதுவரை கணக்குப் போட்டதே இல்லை.

"நான் சுவிட்சைப் போட்டுவைத்துவிட்டுத்தான் படுப்பேன்,
வந்தால் முகத்தில் அறைந்து எழுப்பட்டும் என்று.
ரெண்டு மணிக்கு வரும். ஒரே ஒரு மணிநேரம்.
துணியா, ரொட்டியா, உங்களைக் குளிப்பாட்ட வெந்நீரா,
எது முதலில் என்று நிற்கும்போதே
பத்து நிமிஷம் போய்விடும்.
பாட்டா? பாடினோமா என்ன?
விறகு எத்தனை துண்டு மிச்சம் என்று
எண்ணிக்கொண்டிருந்தேன் நான்."

லிஃப்ட் இல்லாத ஒன்பது மாடி.
அவள் இடது தோள் இன்னமும்
ஒரு வாளி தாழ்ந்தே இருக்கிறது.

விறகு தீர்ந்த பிறகு கலைக்களஞ்சியம்.
"வரிசையாகத்தான் எரித்தேன்,
பதினொன்று முடிந்தபோது பனி விட்டுவிட்டது" என்று
சிரித்தாள்.
அலமாரியில் அது பன்னிரண்டிலிருந்துதான் தொடங்குகிறது.
எத்தனை முறை பார்த்திருக்கிறேன்,
யாரோ இரவல் வாங்கித் திருப்பவில்லை என்றே நினைத்திருந்தேன்.

"ஆனால் எல்லோரும் ஒன்றாக இருந்தோமே" என்றான் நுக்ஸார்,
விடாமல்.
"இருந்தோம்" என்றாள்.
"வேறெங்கே சூடு இருந்தது, எழுந்து போக?"
கொஞ்சம் பொறுத்து,
"உன் ஓநாயை நானும் பார்ப்பேன், அடுப்பு கிளறும்போது.
போதும், போடு. ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது."

போட்டேன்.
யாரும் கத்தவில்லை.
விட்ட இடத்திலிருந்து ஃப்ரிட்ஜ்
தன் முணுமுணுப்பைத் தொடர்ந்தது.
மைக்ரோவேவ் மணி மறந்து
பூஜ்யம் பூஜ்யம் என்று சிமிட்டியது.

லமாரா குவளைகளை அள்ளிக்கொண்டு போய்
குழாயைத் திறந்தாள்.
கடைசிக் குவளையும் கழுவியான பிறகும்
கையை எடுக்கவில்லை,
வெந்நீரிலிருந்து.