காற்றைப் புறக்கணிக்கவும்

ஏழாம் கேள்வி.
நொடிக்கு முப்பது மீட்டர் வேகம்.
நாற்பத்தைந்து பாகை.
புவியீர்ப்பைப் பத்து என்று கொள்க.
பந்து எங்கே விழும்?
காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்.

கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது.

பதினான்கு வருடம்
மோர்ட்டார்க் குழாயருகே முழந்தாளிட்டவன் நான்.
காற்றைக் கேட்காமல்
ஒரு குண்டையும் உள்ளே நழுவவிட்டதில்லை.
புல்லைக் கிள்ளி எறிந்து பார்ப்பேன்.
விரலை நக்கி உயர்த்திப் பார்ப்பேன்.
எதிர்ச்சரிவில் யாரோ காயப்போட்ட போர்வை
எந்தப் பக்கம் உப்புகிறது என்று
தொலைநோக்கியில் பார்ப்பேன்.

பாஸ்தோ நகரத்து இரவுக் கல்லூரி.
எரிமலைப் பக்கமிருந்து இறங்கிய குளிர்
ஜன்னல் இடுக்கில் கத்தி நுழைக்கிறது.
பக்கத்து நாற்காலியில் யூலியானா.
பத்தொன்பது வயது,
பகலில் ரொட்டிக்கடை, புருவத்தில் மாவு.
முதல் நாள் புர்பானோ டீச்சர் உள்ளே வந்ததும்
விறைத்து எழுந்து நின்றேன், நான் மட்டும்.
"உட்காருங்க சார்ஜென்ட்" என்று சிரித்தவள் இவள்தான்.
அன்றிலிருந்து வகுப்புக்கே நான் சார்ஜென்ட்.
எலியேசர் ஹோஹோவா என்று
வருகைப் பதிவேடு மட்டும் கூப்பிடும்.

ராணுவம் கொடுத்து அனுப்பிய வேலைப் பட்டியலில்
காவலாளி, காவலாளி, லாரி ஓட்டுநர், காவலாளி.
நாலாம் பக்கத்தில், மடிப்பில் பாதி அழிந்து,
மலையூர்களுக்குக் குடிநீர் கொண்டுபோகும் படிப்பு.
"குழாய்தானே?" என்றாள் நிதியா,
பாத்திரம் கழுவியபடி.
"உனக்குத்தான் குழாய் பழக்கமாச்சே."

பழக்கம்தான்.
தூர அட்டவணை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்,
பிளாஸ்டிக் உறைக்குள், மழைக்கும் வியர்வைக்கும் தப்பி.
இத்தனை தூரத்துக்கு இந்தக் கோணம்.
அதற்குமேல் அது வாய் திறக்காது.
நானும் கேட்டதில்லை.
போன மாதம் பலகையில் டீச்சர்
சைனை எழுதி, கோணத்தை இரட்டித்து,
படி படியாய் இறங்கி வந்தபோது
மனப்பாடமாய்க் கிடந்த என் எண்கள்,
காற்று தின்ற மிச்சம் போக,
ஒவ்வொன்றாய்த் தம் பிறந்த வீட்டைச் சொல்லின.
வயிறு கலங்கியது.
கழிப்பறையில் முகம் கழுவிவிட்டு வந்தேன்.
யூலியானா ஒன்றும் கேட்கவில்லை.
விட்டுப்போன நாலு வரிக்காக
தன் நோட்டை என் பக்கம் நகர்த்திவைத்தாள்.

தொண்ணூறு மீட்டர்.
கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே
கைக்குத் தெரிந்துவிட்டது.
எழுதினேன், அடியில் கோடும் போட்டேன்.

விடைத்தாள் இன்று வந்தது.
ஐந்துக்கு ஒன்று.
ஓரத்தில் சிவப்பு மை:
"விடை சரி.
எப்படி இங்கே வந்தீர்கள்?
படிகளைக் காணோம்."

நிதியா தூங்கிவிட்டாள்.
சமையலறை மேசையில் எண்ணெய்க் கறை தவிர்த்து
தாளை விரித்திருக்கிறேன்.
முதல் படி: வேகத்தை இரண்டாகப் பிரி,
மேல் நோக்கி ஒன்று, முன் நோக்கி ஒன்று.
இரண்டாம் படி: உச்சியில் மேல்வேகம் பூஜ்யம்.
மூன்றாம் படி: அங்கிருந்து விழ ஆகும் நேரம்.
இந்த இடத்தில் எழுந்து போய்
தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.
நான்கு. ஐந்து. தொண்ணூறு.

அதற்கும் கீழே, யாரும் கேட்காத ஒரு வரி:
காற்று மேற்கிலிருந்து.
போர்வை கிழக்கே உப்பியிருந்தது.

மதிப்பெண் கிடைக்காது.
இருக்கட்டும்.

எட்டாம் கேள்வி.
தொட்டி நாற்பது மீட்டர் உயரத்தில்.
அடிவாரத்தில் ஒரு வீடு.
குழாயில் உரசி இழப்பதையும் கணக்கில் கொள்க.
அந்த வீட்டுக்குத் தண்ணீர்
என்ன அழுத்தத்தில் போய்ச் சேரும்?